பதினெட்டுப் புள்ளடிகள்

என்னுடைய முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பிறகு என் சிநேகிதன் குலம் சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால், அவன் கூட்டித்தான் சொல்வான். நோர்வேக்கு வந்த முதல் வருடம், அரசாங்கம் எனக்கு அனுப்பிய வரி அட்டையை நான் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை. ஒரு வீட்டில் ஏழு பேர். ஏழு பேரிலும் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், வருகிற கடிதங்கள் எல்லாம் என் கைக்கு வரும். ஒரு நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரி அட்டை வந்தது. இதைத் தொழிற்சாலையில் கொடுக்க வேண்டும், இதில் உள்ள வீதப்படி சம்பளத்தில் வரி வெட்டுவார்கள் என்று சமூக அலுவலகத்துப் பெண் விளக்கினார். அவர் விளக்கியதில் பிழை இல்லை. அட்டையைக் கொடுத்தால்தானே வெட்டுவார்கள் என்று என் மூளை யோசித்தது.

"ஒருத்தரும் குடுக்காதேங்கோ. கேட்டால் இன்னும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

மாத முடிவில் ஏழு பேருக்கும் சம்பளத்தில் சரிபாதியைக் காணவில்லை. அட்டை கொடுக்காதவருக்குப் பாதியை வெட்டி வைக்க வேண்டும் என்பது இந்த நாட்டு ஒழுங்கு. அது தெரியாமல் நான் ஒரு தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிக் கணக்கரின் அறைக்குப் போனேன்.

"உன்னுடைய வரி அட்டை எங்கே?" என்று கேட்டார் கணக்கர்.

"பத்திரமாக இருக்கிறது."

"எங்கே பத்திரமாக?"

மெத்தைக்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவது போலக் காட்டினேன். நான் களைத்துப்போய் இருக்கிறேன் என்று நினைத்து, அவர் என்னை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார்.

அதைவிடப் பெரிய அநியாயம் அடுத்த வருடம் நடந்தது. கூடுதலாக வெட்டிய பணம் முழுவதும் ஒரே தொகையாக எல்லோருக்கும் திரும்பி வந்தது. சீட்டுக் கட்டி எடுத்ததுபோல இருந்தது என்றார்கள். "தேவன் வேணுமெண்டுதான் செய்தவன்," என்று குலம் என் பெயரைப் போட்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அப்படித்தான் எனக்கு வரி விற்பன்னன் என்ற பெயர் வந்தது. பட்டம் தவறுதலாகக் கிடைத்தது என்று மறுப்பு வெளியிட நானும் அவசரப்படவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தவள் அபிராமி. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் ஓய்வுபெற்ற காப்புறுதி நிறுவனத்தில், நான் இருந்த அதே ஆட்காப்புறுதிப் பிரிவில் வேலை செய்கிறாள். ஆட்காப்புறுதி என்றால் வீட்டுக்கோ காருக்கோ எடுப்பது அல்ல. உயிருக்கும் உடம்புக்கும் உழைக்கும் சக்திக்கும் எடுப்பது. போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, இப்ப ஹெல்ஸ ஷேமா எல்லாம் போனிலதானே நிரப்பினம். எங்கட ஆக்கள் ஏன் எல்லாத்துக்கும் இல்லை, இல்லை எண்டே அமத்தினம்? நாலு நிமிஷத்தில முடிக்கினம்."

ஹெல்ஸ ஷேமா என்பது காப்புறுதி எடுப்பதற்கு முன் நிரப்புகிற உடல்நலப் படிவம். என்ன நோய் வருத்தம் இருந்தது, எந்த வைத்தியரிடம் போனீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்கும்.

"நாலு நிமிஷமோ? நான் ரெண்டில முடிச்சிருக்கிறன்," என்றேன்.

"பகிடி விடாதேங்கோ மாமா. அதை எழுதித் தாங்கோ. எங்கட பிரிவுக்குப் புதுசா வாறவைக்கு நான் நொஸ்க்கில சொல்லுவன். தமிழைச் சங்க மலரில போடலாம்."

நொஸ்க் என்றால் நோர்வே மொழி. பிள்ளை தெரியாமல் கேட்டுவிட்டாள். நான் பகிடி விடவில்லை.

பாட்ஸ்பியோர்ட்டில் இரண்டு வருடம். பிறகு ஒஸ்லோ. காலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை, மாலையில் மொழி வகுப்பு, பிறகு காப்புறுதிக்கான படிப்பு. நான் துடைத்த மேசையிலேயே பின்னர் அதிகாரியாக உட்கார்ந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அது வேறு மாடி. கடிதப் பிரிவில் மூன்று வருடம் உறை கிழித்த பிறகு, ஆட்காப்புறுதிப் பிரிவில் ஒரு கதிரை காலியானது. அந்தப் பிரிவுக்குத் தலைவி கிறேத்தே.

கிறேத்தேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெட்டையான மனுஷி. கோப்புகளை உட்கார்ந்து வாசிக்க மாட்டார். ஜன்னல் கட்டில் வைத்து நின்றபடி, கடைசிப் பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி வாசிப்பார். எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவார். பேனையைக் கையெழுத்துக்கு மட்டும்தான் எடுப்பார். பதினொன்றரைக்கு இரண்டு துண்டு பாண், நடுவில் பழுப்புப் பாற்கட்டி. நான் மதியத்துக்கு மீன்குழம்பும் சோறும் சூடாக்கிய முதல் நாள், எழுந்து ஜன்னலைத் திறந்தார், தன் குளிர் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார், மறுபடி உட்கார்ந்து பாணைச் சாப்பிட்டார். வெளியே உறைபனி. அந்த அங்கியைப் பல வருடம் அவர் போட வேண்டியிருந்தது.

நான் எழுதிய முதல் கடிதம் ஒரு வாடிக்கையாளருக்கு. விரல் முறிந்ததற்கு இவ்வளவு பணம், இன்ன திகதியில் வரும் என்று அறிவிக்க வேண்டும். நாங்கள் ஊரில் அரசாங்கக் கந்தோருக்கு விண்ணப்பம் எழுதிப் பழகியவர்கள் அல்லவா. தங்களுக்கு நேர்ந்த துன்பத்தை அறிந்து எமது நிறுவனம் மிகுந்த கவலை கொள்கிறது என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். கிறேத்தே தொகையையும் திகதியையும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் பென்சிலால் வெட்டினார்.

"விரல்தான்," என்றார். "மரணச் சடங்கு இல்லை."

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பணம் கேட்டு வருகிற ஒவ்வொரு கோப்பிலும் பழைய உடல்நலப் படிவத்தை எடுத்து மூன்று கேள்வி கேட்பார். யார் கேட்டது? யார் பதில் சொன்னது? யார் எழுதியது? மூன்று பேரின் பெயரின் முதல் எழுத்தையும் வலது மேல் மூலையில் சிறிதாகக் குறிப்பார். நோர்வே ஆட்களின் கோப்புகளில் இது நேரம் எடுக்காது. கேட்டது நிறுவனம், சொன்னதும் எழுதியதும் வாடிக்கையாளர். எங்கள் ஆட்களின் கோப்புகளில் மூன்றாவது இடத்தில் எப்போதும் வேறு யாராவது இருப்பார்கள். மகன், மச்சான், சங்கத்துச் செயலாளர், பெரும்பாலும் நான்.

நோர்வேக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்வேன். இந்த நாட்டில் வரிக்காரர் உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருப்பார். சம்பளம், வங்கி வட்டி, கடன் எல்லாவற்றையும் தானே நிரப்பி வசந்த காலத்தில் அனுப்பிவிடுவார். வாசித்துப் பிழை இருந்தால் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வார். காப்புறுதிக்காரருக்கோ உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் வாயைத் திறந்து சொன்னதை வைத்துத்தான் விலை போடுவார், ஆபத்து வரும் நாளில் அதை எடுத்துத்தான் திரும்பப் பார்ப்பார். எங்கள் ஆட்கள் இரண்டையும் மாற்றிச் செய்வார்கள். வரிக் கடிதம் வந்தால் பதறிப்போய்த் தேவையில்லாத கதை எல்லாம் சொல்வார்கள். காப்புறுதிப் படிவத்தில் வாயே திறக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒரு கணினிப் பொறியாளர் ஒரு நாள் என்னிடம் வந்தார். மிகவும் மரியாதையான பையன்.

"சார், டாக்ஸ் சேவ் பண்றதுக்கு எந்த பாலிசி எடுத்தா பெஸ்ட் சார்?"

"தம்பி, இஞ்சை காப்புறுதி எடுத்தால் வரி குறையாது."

"அப்புறம் என்ன சார் கிடைக்கும்?"

"காப்புறுதி கிடைக்கும்."

"அப்ப இங்க எதுக்கு சார் எடுக்கறாங்க?" என்று உண்மையாகவே கேட்டார்.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன்.

குலம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுநராக இருந்தான். அவன் மனைவி விமலா ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை. ஹவுகெட்டோவில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கினார்கள். கடன் பெரிது, இரண்டு சம்பளமும் இருந்தால்தான் கட்ட முடியும். நான்தான் சொன்னேன், ஒருவருக்கு வேலை செய்ய ஏலாமல் போனால் ஒரு தொகை தருகிற காப்புறுதியை இரண்டு பேரும் எடுங்கள் என்று. நல்ல புத்தி. அதோடு நிறுத்தியிருக்கலாம். படிவங்களை அலுவலகத்தில் இருந்து நானே பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அன்றைக்கு அவர்கள் மூத்த மகளுக்குப் பேர்கனில் பேசிய சம்பந்தம். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து வரவேற்பறையில் இருந்தார்கள். குசினி மேசையில் எனக்கு இடியப்பம், சொதி, சம்பல். குலத்தின் படிவத்தை மேலோட்டமாகக் கேட்டு முடித்தேன். விமலாவின் படிவத்தில் இரண்டாம் பக்கம் பதினெட்டுக் கேள்வி. மூட்டு வருத்தம் உண்டா, மனச்சோர்வு உண்டா, பெண்களுக்கான வருத்தங்கள் உண்டா, கடந்த ஐந்து வருடத்தில் வைத்தியரிடம் போனீர்களா என்று போகும். சம்பந்திகள் அடுத்த அறையில் காது கொடுத்துக்கொண்டிருக்க, சிநேகிதனின் மனைவியிடம் இதையெல்லாம் உரக்க வாசித்துக் கேட்கிற ஆண்பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. வருத்தத்தின் பெயரை வாயால் சொன்னால் அது விலாசம் விசாரித்து வந்துவிடும் என்றுதானே நாங்கள் வளர்ந்தோம். ஒருவரைப் பார்த்து உங்களுக்கு இன்ன நோய் உண்டா என்று கேட்பது, உண்டாகட்டும் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும்.

விமலாவைப் பார்த்தேன். அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். முழுச் சுகமான மனுஷி. என் வலக்கை சொதிக்குள் இருந்தது. ஆகவே இடக்கையால் பேனையை எடுத்து, இல்லை என்ற பெட்டிகளில் மேலிருந்து கீழாகப் பதினெட்டுப் புள்ளடி போட்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"தங்கச்சி, இதில கையெழுத்து வையும்."

அவர் கையைத் துடைத்துவிட்டு வந்து வைத்தார். "முடிஞ்சுதோ அண்ணை? இன்னும் ரெண்டு இடியப்பம் வைக்கட்டோ?" என்றார். வைத்தார். சாப்பிட்டேன்.

ஆறு வருடம் போனது. பேர்கன் சம்பந்தம் நல்லபடியாக முடிந்து பேரப்பிள்ளையும் வந்துவிட்டது. விமலாவின் கைவிரல்கள் மடங்கத் தொடங்கின. முதலில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்க முடியவில்லை, பிறகு கத்தி பிடிக்க முடியவில்லை, கடைசியில் காலையில் சீப்புப் பிடித்துத் தலை இழுக்க முடியவில்லை. மூட்டுவாதம் என்றார்கள். நீண்ட நாள் வைத்திய விடுப்புக்குப் பிறகு அரசாங்கம் இயலாமைப் பென்சன் கொடுத்தது. அது சம்பளத்தின் அளவுக்கு வராது. வீட்டுக் கடனில் பெரும்பகுதியை அடைக்க இருந்த ஒரே வழி எங்கள் காப்புறுதி. பணம் கேட்டு எழுதினார்கள்.

திங்கட்கிழமைக் காலைகளில் கிறேத்தே கோப்புகளைப் பங்கிடுவார். அந்தத் திங்கள் என் குவியலில் மூன்றாவதாக விமலாவின் கோப்பு இருந்தது. வைத்தியரின் குறிப்புகள் வந்திருந்தன. அதில், நாங்கள் படிவம் நிரப்பியதற்கு இரண்டு வருடம் முன்பே, காலையில் விரல் மூட்டுகள் வீங்குகின்றன என்று வைத்தியரிடம் போயிருக்கிறார், இரத்தம் சோதித்திருக்கிறார்கள், மாத்திரை கொடுத்து நிபுணரிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள், அவர் போகவில்லை. அடுத்த பக்கத்தில் என் புள்ளடிகள். ஏழாவது கேள்வி: மூட்டு வருத்தம் உண்டா? இல்லை. படிவத்தின் மூலையில் ஒரு கறை. எங்கள் பிரிவில் யாரோ அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு 'கோப்பி?' என்று எழுதியிருந்தார்கள். அது கோப்பி இல்லை, சொதி.

தெரிந்தவரின் கோப்பு வந்தால் ஒரு துண்டு நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிரப்பினேன். 'இவரை எனக்குத் தெரியும்' என்று எழுதினேன். படிவத்தை எழுதியதும் நான்தான் என்று எழுதவில்லை. துண்டில் இடம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் தாராளமாக இருந்தது.

கோப்பு பக்கத்து மேசை ரூனரிடம் போனது. அவர் ஒழுங்கான மனிதர். படிவத்தில் ஏன் இப்படி இருக்கிறது என்று விளக்கம் கேட்டு விமலாவுக்குக் கடிதம் அனுப்பினார்.

சட்டம் இந்த இடத்தில் நியாயமானது. வாடிக்கையாளர் மீது சிறிய குற்றம்தான் என்றால் பணம் முழுவதும் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பெரிய குற்றம் என்றால் குறைக்கலாம். தெரிந்தே பொய் சொன்னார் என்றால் ஒரு சதமும் இல்லை. ஆகவே எல்லாம் விமலாவின் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து வேலை முடிந்து ரயிலில் போகும்போது குலம் என் பக்கத்தில் வந்து இருந்தான். நல்ல உற்சாகமாக இருந்தான்.

"மச்சான், உந்தக் காசு வந்தால் வரி வெட்டுவாங்களோ?"

"இல்லை. வரி கட்டின காசிலதானே நீங்கள் மாதம் மாதம் கட்டினனீங்கள். இதுக்கு வரி இல்லை."

"அரசாங்கம் தாறதுக்கு வெட்டுறாங்கள்."

"அது சம்பளத்துக்குப் பதிலா வாறது. சம்பளம் மாதிரி வெட்டுவாங்கள். சரி, கடிதத்துக்குப் பதில் போட்டாச்சோ?"

"ஓம், ஓம். சின்னவள் நொஸ்க்கில எழுதினவள். நீ ஒண்டுக்கும் யோசியாதை. உன்னை ஒரு இடத்திலயும் மாட்டிவிடேல்லை."

"என்னண்டு எழுதினது?"

"நிரப்பித் தந்தவர் ஒவ்வொரு கேள்வியா வாசிச்சுக் கேட்டவர், நான்தான் எல்லாத்துக்கும் இல்லை எண்டு சொன்னனான், அவரில ஒரு பிழையும் இல்லை எண்டு விமலா சொல்லச் சொல்ல எழுதினவள். உன்ர பேரையும் போடேல்லை."

ஹவுகெட்டோ என் தரிப்பிடம் இல்லை. அவனோடு நானும் இறங்கினேன்.

நல்ல மனதோடு இதைவிட மோசமான ஒரு கடிதத்தை எழுதவே முடியாது. ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், வைத்தியரிடம் போனதைத் தெரிந்துகொண்டே இல்லை என்றேன் என்று தன் வாயாலேயே சொல்லி எழுதுவித்துக் கொடுத்திருக்கிறார். ரூனர் நிராகரிப்புக் கடிதத்தை எழுதத் தொடங்கியிருப்பார். அதில் பிழையும் காண முடியாது.

விமலா சோபாவில் இருந்தார். கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார்.

"தங்கச்சி, நான் கேட்டனானோ?"

"என்னத்தை அண்ணை?"

"அந்தப் பதினெட்டுக் கேள்வியை. ஒண்டையாவது கேட்டனானோ?"

"நீங்கள் இடியப்பமெல்லோ சாப்பிட்டனீங்கள்."

"பிறகேன் கேட்டதெண்டு எழுதினனீர்?"

"கேக்கேல்லை எண்டு எழுதினால் உங்கட வேலை போகும்."

"எழுதாட்டில் உங்கட வீடு போகும்."

"வீட்டை வித்துப்போட்டு வாடகைக்கு இருக்கலாம். அம்பது வயசுக்குப் பிறகு உங்களுக்கு ஆர் வேலை தருவினம்?"

"எனக்கு அம்பது இன்னும் ஆகேல்லை," என்றேன். அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நாப்பத்தொன்பதுக்கும் தரமாட்டாங்கள்," என்றான் குலம்.

கடிதத்தைத் திருப்பி வாங்குங்கள், உண்மையை எழுதுங்கள் என்று எவ்வளவு சொல்லியும் விமலா அசையவில்லை. எழுதினது எழுதினதுதான் என்றார். வீட்டுக்குத் தேடி வந்து உதவி செய்த மனிதரைக் காட்டிக்கொடுக்க முடியாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் என் உதவியின் பெறுமதி அவருடைய வீடு.

மறுநாள் ஏழரைக்குக் கிறேத்தேயின் அறை வாசலில் நின்றேன். அவர் ஜன்னல் ஓரம் நின்று ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். கோப்பின் பெயரைச் சொன்னேன். ரூனரின் மேசையில் இருந்து தானே எடுத்து வந்தார். நிராகரிப்புக் கடிதம் மேலேயே இருந்தது. அவருடைய கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கடைசிப் பக்கத்தில் இருந்து புரட்டிப் படிவத்துக்கு வந்தார். பென்சிலை எடுத்தார்.

"யார் கேட்டது?"

"ஒருவரும் கேட்கவில்லை."

"யார் பதில் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை."

"யார் எழுதியது?"

"நான்."

மூலையில் ஒரு கோடு, இன்னொரு கோடு, பிறகு என் பெயரின் முதல் எழுத்து. குறித்துவிட்டு, படிவத்தின் மேல் பகுதியில் நான் எழுதிய விலாசத்தையும் கீழே இருந்த புள்ளடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விலாசம் உங்கள் எழுத்து. இந்தப் புள்ளடிகள் உங்களுடையவை போல் இல்லை."

"இடக்கையால் போட்டேன்."

"ஏன்?"

"வலக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்."

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார். நாற்பத்தொன்பது வயதில், ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில், மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, இடக்கையால் மேலிருந்து கீழாகப் பதினெட்டுப் புள்ளடி போட்டேன். ஒவ்வொன்றும் இடது பக்கம் சரிந்து விழுந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பென்சில் முனையால் ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தத் துண்டில் இதை ஏன் எழுதவில்லை?"

"பயம்."

"அப்படியா," என்றார். அந்த ஒரு சொல்லை அவர் ஏழு விதமாகச் சொல்வார். இது எட்டாவது. "எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்."

எழுதிக் கொடுத்தேன். அரை மணியில் திருப்பி அனுப்பினார். இரண்டு இடத்தில் கோடு போட்டு, பக்கத்தில் 'வேடிக்கை வேண்டாம்' என்று எழுதியிருந்தார். வேடிக்கை இல்லாமல் மறுபடி எழுதினேன். என் வாழ்நாளிலேயே நான் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான்.

ஆனால் கோப்பில் இப்போது இரண்டு வாக்குமூலம். நான் கேட்கவில்லை என்கிறேன், விமலா கேட்டார் என்கிறார். கிறேத்தே ரூனரிடம் விடாமல், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைப்பில் வைத்துத் தானே விமலாவைத் தொலைபேசியில் அழைத்தார். அதைக் குலம்தான் எனக்குச் சொன்னான். ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறான்.

"அந்தப் பொம்பிளை ஒண்டே ஒண்டுதான் மச்சான் கேட்டது. படிவம் நிரப்ப எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு."

"விமலா என்ன சொன்னவ?"

"இடியப்பம் ஆற முதல் முடிஞ்சுதெண்டு சொன்னவ. அந்தக் கேள்விக்கும் பொய் சொல்ல வேணுமெண்டு அவவுக்கு விளங்கேல்லை. அந்த மொழிபெயர்ப்புக்காரன் இடியப்பத்தை நொஸ்க்கில என்னண்டு சொல்லுறதெண்டு பட்ட பாடு."

பதினெட்டுக் கேள்வியை வாசித்து, தமிழில் விளக்கி, பதில் கேட்டு எழுத அரை மணியாவது வேண்டும். கிறேத்தேக்கு அது போதுமாக இருந்தது. நிறுவனத்தின் ஆள் கேட்கவில்லை என்றால் நிறுவனம் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்கு வாடிக்கையாளர் பொய் சொல்ல முடியாது, வாசிக்காமல் கையெழுத்து வைத்தது சிறிய குற்றம் என்று மூன்று வரி எழுதிச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார். விமலாவின் கடிதத்தைப் பற்றி, உதவியவரைக் காக்க எழுதியது என்று இன்னொரு வரி. அங்கே ஆறு வாரம் கிடந்தது. அந்த ஆறு வாரமும் நான் மதியத்துக்குப் பாண்தான் கொண்டு போனேன். கிறேத்தேயின் அங்கிக்கு ஓய்வு கிடைத்தது.

வேலை போகவில்லை. எழுத்தில் எச்சரிக்கை வந்தது. என் முழுப் பெயரையும் அந்த நிறுவனத்தில் ஒருவர் பிழையில்லாமல் எழுதியது அந்தக் கடிதத்தில்தான். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது எனக்கு மட்டும் அல்ல, பிரிவில் எல்லோருக்கும் தடைசெய்யப்பட்டது. ரூனர் தன் வாழ்க்கையில் யாருடைய வீட்டுக்கும் போனதில்லை. அவரும் அந்தத் தடை அறிவித்தலில் கையெழுத்து வைத்தார்.

பணம் முழுவதும் கொடுப்பதாக முடிவு வந்த அன்று கிறேத்தே என் மேசையில் கோப்பின் பிரதியை வைக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்க உரிமை இல்லை. போகிற போக்கில் "வெள்ளிக்கிழமை கடிதம் போகிறது," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஹவுகெட்டோவுக்குப் போனேன். கடிதம் வந்திருந்தது. குலம் அதைத் தொலைக்காட்சிக்கு மேல் சட்டம் போடாத குறையாக நிறுத்தி வைத்திருந்தான். கடனில் முக்கால்வாசி அடைபடும், மிச்சத்தை அவன் சம்பளத்தில் கட்டலாம், வீட்டை விற்கத் தேவையில்லை. விமலா சோபாவில் அதே இடத்தில் இருந்தார்.

எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. உண்மையைச் சொல்லி எச்சரிக்கை வாங்கிய மனிதன் அல்லவா. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வேண்டிய கடமை இருந்தது. அதையும் அழகாகச் செய்ய நினைத்தேன்.

"தங்கச்சி, என்னை மன்னிச்சுக்கொள்ளும். அண்டைக்கு நான் வாயைத் திறந்து ஒரு தரம் கேட்டிருந்தால் இந்தப் பாடு ஒண்டும் வந்திராது."

விமலா தன் விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கேட்டிருந்தாலும் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன், அண்ணை."